மேல்நிலை வகுப்புகளில் சமயமும் மெய்யியலும் அறமும்: வாதிட்டுக் கற்க இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்புக்கு 2025-26 கல்வியாண்டு முதல் பொதுத் தேர்வு இல்லை என்று தமிழக அரசு அறிவித்ததிலிருந்து, தனியார் பள்ளிகள் அந்த வகுப்பின் பாடங்களைத் தள்ளிவிட்டு நேராகப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவிவிடும் என்ற கவலை பரவலாகப் பேசப்படுகிறது. அந்தக் கவலை நியாயமானதே. ஆயினும், மதிப்பெண் நெருக்கடி சற்றுத் தளர்ந்திருக்கும் அந்த ஓராண்டில், இதுவரை நம் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே கிடைத்து வந்த ஒரு பாடத்தை எல்லாப் பிரிவினருக்கும் கொண்டு செல்லும் வாய்ப்பு இருக்கிறது என்பதை, வேலூர் மாவட்டத்தில் நெடுங்காலம் முதுகலை வரலாற்றாசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில் தங்கள் நாளிதழ் வழியாகக் கல்வித்துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

நமது மேல்நிலைக் கல்வியில் 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' என்றொரு பாடம் இருக்கிறது. பெற்றோரில் பலருக்கு இது தெரியாது, ஏனெனில் கலைப் பிரிவில், அதுவும் சில பாடத் தொகுப்புகளில் மட்டுமே அது இடம்பெறுகிறது. சமணம், பௌத்தம், பக்தி இயக்கங்கள், சமூக சமயச் சீர்திருத்தங்கள், கலைகள் என்று அதில் நல்ல செய்திகள் நிறையவே உள்ளன. நான் குறை காண்பது பாடநூலில் அன்று, அது தேர்வுக்கு உட்படுத்தப்படும் முறையில்தான். எழுத்துத் தேர்வில் ஒரு விடைக்குக் கிடைக்கும் உச்ச மதிப்பெண் ஐந்து. மகாவீரரின் கொள்கைகளை எழுதச் சொன்னால் மாணவர் ஐந்து குறிப்புகளை வரிசையாக எழுதுகிறார், ஐந்து மதிப்பெண் பெறுகிறார், அத்துடன் சமணம் முடிந்துவிடுகிறது. ஆரணி, வந்தவாசி, போளூர் வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக உழவர்கள். ஏர் ஓட்டினால் மண்ணுக்குள் புழு சாகும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட ஒரு சமயத்தார் உழுது வாழ்வது எப்படி, இல்லறத்தார்க்கும் துறவியர்க்கும் அந்தச் சமயம் வெவ்வேறு அளவில் நோன்புகளை வகுத்தது ஏன், நாம் செய்யும் செயலில் நோக்கம் முக்கியமா விளைவு முக்கியமா என்று வகுப்பில் கேட்டால் முழுப் பாடவேளையும் போதாது. ஆனால் அப்படிக் கேட்பதற்குத் தேர்வில் இடமில்லை, தேர்வில் இடமில்லாததற்கு வகுப்பிலும் இடமில்லை.

மற்ற இடங்களில் இந்த வயதில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். இங்கிலாந்தில் பதினெட்டு வயதில் எழுதும் ஏ லெவல் தேர்வில் சமயவியல் ஒரு விருப்பப் பாடம். ஓசிஆர் என்னும் தேர்வு வாரியம் அதை மூன்று தாள்களாக வைத்திருக்கிறது: சமய மெய்யியல், சமயமும் அறவியலும், ஏதேனும் ஒரு சமயத்தின் சிந்தனை வளர்ச்சி. மூன்றாவது தாளுக்குக் கிறித்தவம், இசுலாம், யூதம், பௌத்தம், இந்து சமயம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு தாளிலும் இரண்டு மணி நேரத்தில் மூன்று கட்டுரைகள் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 40 மதிப்பெண். அந்த நாற்பதில் அறிந்ததை எடுத்துச் சொல்வதற்கு 16-ம், அதை ஆராய்ந்து சீர்தூக்கித் தன் முடிவுக்குக் காரணம் காட்டுவதற்கு 24-ம் ஒதுக்கப்பட்டுள்ளன. கடவுள் உண்டு என்பதற்கான வாதங்களையும், உலகில் தீமை இருப்பதால் அவற்றுக்கு எழும் மறுப்பையும் ஒரே கட்டுரையில் எழுதும் மாணவர் ஆத்திகராகவோ நாத்திகராகவோ இருக்கலாம். அவருடைய நம்பிக்கைக்கு மதிப்பெண் இல்லை, அவர் காட்டும் காரணத்துக்கே மதிப்பெண். பிரான்சு நாட்டிலோ, அரசுப் பள்ளிகளில் சமயத்துக்கு இடமே தராத நிலையிலும், பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் மெய்யியலில் 4 மணி நேரத் தேர்வு எழுதுகிறார்கள். அவ்வளவு தொலைவு போக வேண்டாம் என்பவர்களுக்குக் கேரளமும் மேற்கு வங்கமும் இருக்கின்றன. அங்கே மேல்நிலையில் மெய்யியல் தனி விருப்பப் பாடமாகவே உள்ளது.

இவற்றை அப்படியே எடுத்து நடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நமக்கு அதற்கான தேவையும் இல்லை. வாதிட்டுக் கற்பது தமிழுக்குப் பழைய வழக்கம். மணிமேகலையின் 27-ஆம் காதையில் வஞ்சி நகருக்குச் செல்லும் மணிமேகலை, அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். காப்பியம் பௌத்தக் காப்பியம், அதன் முடிவும் பௌத்தத்துக்கே சார்பானது. இருந்தும், கடவுளையும் மறுபிறப்பையும் ஏற்காத பூதவாதிக்கும் அங்கே பேச இடம் கிடைக்கிறது. நமது பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு அந்தக் காதையின் பெயரைச் சொல்லித் தருகிறோம், அதிலுள்ள சண்டையைச் சொல்லித் தருவதில்லை.

வகுப்பில் இது எப்படி நடக்கக்கூடும் என்பதற்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒருமுறை 'அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை' என்ற 37-ஆம் குறளைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழே இரண்டு உரைகளை வைத்தேன். அறத்தின் பயன் இன்னதென்று நூலைக் கொண்டு விளக்க வேண்டியதில்லை, பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் கண்ணால் கண்டாலே விளங்கும் என்பது பரிமேலழகர் உரையின் கருத்து. அந்த இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காட்டி 'இதுதான் அறத்தின் வழி' என்று சொல்லாதீர்கள் என்பது இக்காலத்தார் சிலர் கொள்ளும் பொருள். எது பொருந்தும் என்று கேட்டேன். வகுப்பு சிறிது நேரம் பேசாமல் இருந்தது. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "எங்க அம்மா பீடி சுத்துறாங்க சார். அது போன ஜென்மத்துப் பாவம்னு அர்த்தமா?" என்று கேட்டாள். குடியாத்தம் பக்கத்துப் பெண் அவள். நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு மாணவன், ஊழை விட வலிமையானது எது என்று 380-ஆம் குறளில் கேட்ட அதே வள்ளுவர், தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காட்டச் செய்வார் என்று 620-ஆம் குறளில் சொல்கிறாரே, இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்றான். இரண்டும் அவர்கள் தமிழ்ப் பாடத்தில் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்த குறள்களே. அவை ஒன்றோடொன்று முட்டுகின்றன என்று அன்றைக்குத்தான் அவர்கள் கவனித்தார்கள்.

அந்த மாணவியின் கேள்வி இந்த நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்படும் கேள்வி. எல்லாம் நியதிப்படியே நடக்கும், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றார் ஆசீவகர். வினை என்பது உயிரில் வந்து ஒட்டும் நுண்பொருள், தவத்தால் அதை உதிர்க்கலாம் என்றனர் சமணர். எண்ணமே வினை என்றது பௌத்தம். வினை அறிவற்றது, அதன் பயனைக் கூட்டுவிக்க இறைவன் வேண்டும் என்கிறது சைவ சித்தாந்தம். யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இவர் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவம், இவருடையதா இவர் பெற்றோருடையதா என்று கேட்க, இருவருடையதும் அன்று என்கிறார் இயேசு. இறைவனின் விதிக்கும் மனிதனின் பொறுப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இசுலாமிய இறையியலில் முஃதசிலா, அஷ்அரி என்னும் இரு சிந்தனைப் பிரிவினரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டனர். தலைவிதி என்ற பேச்சே உழைப்பவனை அடங்கிக் கிடக்கச் செய்யும் சூழ்ச்சி என்றார் பெரியார். பதினேழு வயதுப் பிள்ளை இத்தனையையும் ஒருங்கே கேட்டு, எது ஏற்கத்தக்கது, எதற்கு என்ன மறுப்பு என்று தன் சொற்களில் எழுதக் கற்றுக்கொண்டால், அதைவிடப் பெரிய கல்வியை நான் அறியேன்.

இதைக் கற்பிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2024-இல் சென்னையில் கண்டோம். ஓர் அரசுப் பள்ளிக்கு வெளியிலிருந்து பேச வந்தவர், உடற்குறையும் வறுமையும் முற்பிறவிப் பாவத்தின் பயன் என்ற பொருளில் மாணவியரிடம் பேச, பார்வை மாற்றுத்திறனாளியான ஓர் ஆசிரியர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். அந்த ஆசிரியரின் துணிவை நாடே பாராட்டியது. ஆனால் எனக்கு இன்றும் உறுத்துவது மாணவியரின் நிலைதான். முறையாகச் சமயமும் மெய்யியலும் கற்பிக்கப்படாத பள்ளியில், அந்த வெற்றிடத்தை நிரப்ப யாராவது ஒலிவாங்கியுடன் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். அதே பேச்சை மாலையில் கைப்பேசியில் கேட்கும் மாணவிக்குச் சுற்றறிக்கை துணை வராது.

வடாற்காடு என்று நாம் இன்னும் பழக்கத்தில் சொல்லும் இந்த நிலப்பகுதி இந்தப் பாடத்துக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. காட்பாடி வட்டத்து வள்ளிமலையில் ஒரே குன்றில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும் கங்க மன்னன் இராசமல்லன் காலக் கல்வெட்டும் இருக்கின்றன, வள்ளியின் கதையோடு இணைந்த முருகன் கோயிலும் இருக்கிறது. கிருத்திகைக்குப் படியேறுபவர்களில் எத்தனை பேர் அந்தச் சிற்பங்களைக் கண்டிருப்பார்கள்? வேலூர்க் கோட்டைக்குள் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் உள்ளன. ஜலகண்டேசுவரர் கோயில் நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இன்றி இருந்து, 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கொண்டுவரப்பட்டு மீண்டும் வழிபாட்டுக்கு வந்தது. பழங்காலச் சின்னமாகப் பாதுகாக்கப்படும் ஒரு கட்டடம் வழிபாட்டு இடமாகவும் இருக்கலாமா என்பது அன்றைக்கு நகரம் முழுவதும் பேசிய கேள்வி. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விசாரத்தின் இசுலாமியக் கல்வி மரபும், திருப்பத்தூரில் 1921-இல் தொடங்கப்பட்டுத் திராவிடக் கட்டடக் கலையில் தேவாலயம் எழுப்பிய கிறிஸ்துகுல ஆசிரமமும் இங்கேயே உள்ளன. பிற மாவட்டத்தார் நூலில் படிக்க வேண்டியதை நம் பிள்ளைகள் பேருந்தில் போய்ப் பார்த்துவரலாம்.

பிறர் சமயத்தை அறியாமல் ஆள்வதன் விளைவும் இங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு அரசியல் காரணங்களும் உண்டு. திப்புவின் புதல்வர்கள் அங்கே காவலில் இருந்தார்கள். ஆனால் உடனடிக் காரணம், நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சேர்ந்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற சென்னைப் படையின் கட்டளை. அந்தக் கட்டளையைப் பிறப்பித்தவர்களுக்குத் திருநீறும் நாமமும் தாடியும் சீருடை ஒழுங்கைக் கெடுக்கும் பொருள்களாக மட்டுமே தெரிந்தன. அவற்றை அணிந்தவருக்கு அவை என்னவாக இருந்தன என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. நாம் இந்த நிகழ்ச்சியை விடுதலைப் போராட்ட வரலாற்றில் கற்பிக்கிறோம், அது சரியே. சமயவியல் வகுப்பிலும் அதற்கு ஓரிடம் உண்டு.

அறிவியல் பிரிவு மாணவர்களுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும் என்பேன். இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் நடந்தது நம் வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனையில். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவைச் சாவாக ஏற்றது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து அதை உறுதிசெய்ய வேண்டும். என்னிடம் படித்த ஒருவர், விபத்தில் சிக்கிய தம் தம்பிக்காக இப்படியொரு குழுவின் முன் நிற்க நேர்ந்தது. மருத்துவர் சொன்னது அவருக்குப் புரிந்தது. ஆனால் திரையில் இதயத் துடிப்பு ஓடிக்கொண்டிருக்க, தம்பியின் கை சூடாக இருக்க, ஊரிலிருந்து வந்த பெரியப்பா உடம்பு முழுசாகப் போகவேண்டும் என்று பிடிவாதமாக நிற்க, அம்மா எதுவும் பேசாமல் இவர் முகத்தையே பார்த்திருக்க, ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டிய நிலை. முடிவில் கையெழுத்திட்டார். பின்னர் என்னைச் சந்தித்தபோது அவர் கேட்டது, "உயிர் எங்க சார் இருக்கு? இதை ஏன் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல?" என்பதுதான். உறுப்புக் கொடை அளித்தவர்களுக்கு 2023 முதல் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்துகிறது நமது அரசு. அத்தகைய மாநிலத்தில், உயிர் என்பது என்ன, உடல் யாருடையது, இறந்தவர் விருப்பத்துக்கு எவ்வளவு மதிப்பு, இவற்றைப் பற்றி ஒவ்வொரு சமயமும் சமயம் சாராத அறவியலும் என்ன சொல்கின்றன என்பதை உயிரியல் படிக்கும் மாணவர் பள்ளியைவிட்டுப் போகுமுன் ஒருமுறையாவது பேசியிருக்க வேண்டாமா?

அரசுப் பள்ளியில் சமயத்தைப் பேசுவது சட்டப்படி தகுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. முழுவதும் அரசு நிதியால் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28-ஆம் பிரிவு. அரசின் ஏற்போ நிதியுதவியோ பெற்ற பள்ளிகளிலும், மாணவரின், அவர் வயது நிரம்பாதவராயின் பாதுகாவலரின், இசைவின்றி எவரையும் சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்த முடியாது. இந்த வேலி மிக உயர்வானது, அதில் ஒரு கம்பியும் தளரக் கூடாது. ஆனால் சமயத்தைப் போதிப்பதும் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதும் வேறு வேறு என்று 1964-66 கோத்தாரிக் கல்விக் குழு பிரித்துக் காட்டியது. டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் 1971-இலும், அருணா ராய் வழக்கில் 2002-இலும் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை ஏற்றது.

சட்டம் இடம் கொடுத்தாலும் அச்சம் நீங்கிவிடாது. பகுத்தறிவு இயக்கத்தைச் சார்ந்த என் நண்பர்கள், இந்த வாசலைத் திறந்தால் பெரும்பான்மைச் சமயத்தின் பெருமையே பாடமாக உள்ளே வரும் என்கிறார்கள். கடந்த கால அனுபவம் அவர்களை அப்படிப் பேச வைக்கிறது, அதை நான் மதிக்கிறேன். அதனால்தான் பாடத்திட்டத்தில் கடவுளையும் மறுபிறப்பையும் மறுத்த பழைய உலகாயதரும் பெரியாரும் அம்பேத்கரும் ஒப்புக்குச் சேர்க்கப்பட்ட பெயர்களாக இல்லாமல், எதிர்வாதம் செய்பவர்களாகவே இடம்பெற வேண்டும் என்கிறேன். சாதியை ஏற்ற நூலையும் எதிர்த்த நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காத அறவியல் வகுப்பு நம் மண்ணில் அறவியல் வகுப்பே ஆகாது. மறுபுறம், பக்தியுள்ள பெற்றோர், பிள்ளை கேள்வி கேட்கத் தொடங்கினால் நம்பிக்கை போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு நம் பகுதியைச் சேர்ந்தவரையே காட்டலாம். திருத்தணியில் 1888-இல் பிறந்து, வேலூரின் ஊரிசு கல்லூரியில் படித்துப் பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்ற டாக்டர் இராதாகிருஷ்ணனை இந்து சமயத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டியது, கிறித்தவ ஆசிரியர்கள் அந்தச் சமயத்தின் மீது வைத்த கடுமையான விமரிசனமே என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் தலைமையேற்ற 1948-49 பல்கலைக்கழகக் கல்விக் குழுவும், பட்டப்படிப்பின் முதலாண்டில் புத்தர், கன்பூசியசு, சாக்ரட்டீசு, இயேசு, நபிகள், கபீர், நானக் முதலிய பெரியோர் வரலாறும், இரண்டாமாண்டில் பல சமய நூல்களின் பகுதிகளும், மூன்றாமாண்டில் சமய மெய்யியலின் அடிப்படைச் சிக்கல்களும் கற்பிக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நீட், ஜேஇஇ என்று அலையும் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையா என்பார்கள். வாரத்துக்கு இரண்டு பாடவேளை, பதினோராம் வகுப்பில் மட்டும், உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில் வராத பள்ளி அளவிலான மதிப்பீடு என்றால் அது சுமையாகாது. எனக்கு உண்மையான தடையாகத் தெரிவது ஆசிரியர்தான். மெய்யியலில் பட்டம் பெற்ற ஒருவரைப் பள்ளி ஆசிரியராக நான் என் பணிக்காலத்தில் சந்தித்ததே இல்லை. வரலாறும் தமிழும் நடத்தும் நாங்கள் விரும்பிக் கற்றுக்கொண்டு நடத்தினோம். தன் நம்பிக்கையை மேசைக்கு வெளியே வைத்துவிட்டு, தான் ஏற்காத கருத்தையும் அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பது பயிற்சியால் மட்டுமே வரும் திறன். நெற்றியில் பட்டையோ கழுத்தில் சிலுவையோ அணிந்த ஆசிரியரும், கறுப்புச் சட்டை அணிந்த ஆசிரியரும் அதைச் செய்ய முடியும், முறையாகச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே கல்வித்துறையிடம் என் வேண்டுகோள் இது. வரும் கல்வியாண்டில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும், அரசுப் பள்ளி, நிதியுதவிப் பள்ளி, கலைப் பிரிவு, அறிவியல் பிரிவு என எல்லா வகையும் கலந்த சில பள்ளிகளைத் தேர்ந்து, பதினோராம் வகுப்பில் இந்தப் பாடத்தை முன்னோட்டமாக நடத்திப் பார்க்கலாம். கோடை விடுமுறையிலேயே இராணிப்பேட்டை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் அதற்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரலாம், பல்கலைக்கழக மெய்யியல் துறையினரையும் வெவ்வேறு சமய அறிஞர்களையும் பகுத்தறிவாளர்களையும் அதற்கு அழைக்கலாம். பாடத்திட்டமும் கையேடும் இணையத்தில் வெளியிடப்பட்டுப் பெற்றோர் அனைவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' பாடத்தைப் பொதுத் தேர்வுக்கு எழுதும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, 'ஏற்கிறாயா, காரணம் காட்டு' என்று கேட்கும் நீண்ட கட்டுரை வினா ஒன்றை, குறைந்தது 15 மதிப்பெண்ணுக்கு, வினாத்தாளில் சேர்க்க வேண்டும். பிந்தையதற்குப் புதிய பணியிடமோ நிதியோ தேவையில்லை, வினாத்தாள் வடிவமைப்பை மாற்றும் ஓர் ஆணை போதும். அதை இந்த ஆண்டே செய்யலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற முதுகலை வரலாற்றாசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.